தபுதாரர்

தென்மராட்சி வலயக் கல்வி அலுவலகம்,
மூன்றாம் கருமபீடம்.
மின்விசிறி திரும்பும் போதெல்லாம்
என் கோவையின் மேல்தாள் எழும்பி எழும்பிப் பார்க்கிறது.
கிளாக்கர் கஜமுகன் அதன்மேல் ஸ்ரேப்ளரை வைக்கிறார்.

"ரீச்சர், உங்கட சேவைக்காலம்
இருபத்தெட்டு வருசம், மூண்டு மாதம், பதினொரு நாள்."
"முப்பத்திரண்டு, பதினொண்டு, பதினொண்டு"
என்று திருத்தினேன். பழக்கதோசம்.

முழங்காவிலில் தொண்டர் ஆசிரியராய்
நாலு வருசம் எட்டு மாதம்.
சம்பளம் இல்லை. பெற்றோர் தந்தது
அரை மூட்டை நெல்,
அருமையாய் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்.
பற்றரிக் கரி பூசிய பலகையில்
பைதகரஸ் காயுமுன் அழியும்.

அதிபரின் கடிதம் கொண்டுவந்திருந்தேன்:
சீ.ஆர். கொப்பித் தாள், நீல மை.
முத்திரை குத்தவேண்டிய இடத்தில்
"முத்திரை இடம்பெயர்வில் தொலைந்தது"
என்று எழுதி, அதற்கும் ஒரு கையொப்பம்.
கஜமுகன் இரண்டு தரம் வாசித்தார்.
சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை.
"இதை ஏற்க மாட்டினம், ரீச்சர்."

பிறகு, தெரிவுகள்.
பணிக்கொடையை மொத்தமாய் எடுத்தால்
மாதப் பென்சன் மெலியும்.
விட்டால், மாதத்துக்குக் கொஞ்சம் சதை வைக்கும்.
"எடுத்து பிக்ஸில போடுங்கோ பெரியம்மா"
என்கிறான் ரொறன்ரோவிலிருந்து தங்கச்சியின் மகன்.
"எடாதையுங்கோ, எடுத்தவை எல்லாம்
மதில் கட்டி முடிச்சிட்டினம்"
என்கிறார் விஞ்ஞானம் படிப்பிக்கும் புனிதவதி.

பதினோராம் ஆண்டுக்கு
ஒருங்கமை சமன்பாடு படிப்பித்தவள் நான்.
தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளி
எழுபத்தொரு வயதும் நாலு மாதமும்.
முன்னால் போனால் மொத்தம் லாபம்.
பின்னால் இருந்தால் மாதம் லாபம்.
தெரியாக் கணியம் ஒன்றே ஒன்று.
அதை விசாரிக்க ஒரு கருமபீடமும் இல்லை.
அம்மா எண்பத்தாறு.
ஐயா ஐம்பத்திரண்டு, ஷெல் விழுந்து.
அதைச் சராசரிக்குள் சேர்ப்பதா,
விடுவதா?

நாலாம் பக்கம்.
விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியம்.
"நீங்கள் செல்வியோ, ரீச்சர்?"
"செல்விதான்."
"அப்ப இது உங்களுக்குப் பொருந்தாது."
"இவ்வளவு காலமும் பொருந்தினதே, தம்பி.
சம்பளச் சீட்டைப் பாருங்கோ.
மாதா மாதம் வெட்டினவை."
"அது சுற்றறிக்கை..." என்று
ஸ்ரேப்ளரைத் தூக்கி மற்றப் பக்கம் வைத்தார்.

தபுதாரர்.
மனைவியை இழந்தவர்.
தமிழ் ரீச்சர்மாரே பாவிக்காத சொல்;
அரசாங்கப் படிவம்தான்
மறக்காமல் வைத்திருக்கிறது.
நான் கட்டாத ஒருவர்
நான் செத்த பிறகு பசி கிடக்கக்கூடாதென்று
முன்னூற்று முப்பத்தொன்பது மாதம்
சந்தா கட்டியிருக்கிறேன்.
குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வருகிற ஆளாயிருப்பார்.
தேத்தண்ணிக்குச் சீனி கூட.
என் செத்தவீட்டில் கதிரை எண்ணிக்கொண்டிருப்பார்,
வாடகைக்காரன் ஏமாற்றாமல்.

உண்மையாகவும் ஒருவர் இருந்தார்.
கிளாலிப் படகில் வருவதாய்ச் சொன்னார்.
படிவத்தில் அதைக் கேட்கவில்லை.

"பேர் இடத்தில கோடு கீறி விடுங்கோ, ரீச்சர்."
அடிமட்டம் கேட்டேன். தேடி எடுத்துத் தந்தார்.
நேராய்க் கீறினேன்.
தெரிவில் மாதத்துக்குச் சரி போட்டேன்.
எழுபத்தொன்றைத் தாண்டுவதாய் உத்தேசம்.

திரும்பும்போது
யன்னலோரம் நான், பக்கத்து சீற்றில் பை.
பைக்குள் கோவை, கோவைக்குள்
முத்திரையில்லாத நாலு வருசம் எட்டு மாதம்.
"இதில ஆள் வருதோ?" என்றான் கொண்டக்டர்.
"இல்லை. ஒராள்தான்."
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

கொடிகாமம் தாண்டும்வரை
பையை எடுக்கவில்லை.